கோட்டை நிழலில் ஓடும் குதிரைகள்

சென்னையில் பந்தய நிலத்துக்கு வழக்கு. சிங்கப்பூரில் நிலமே கைமாறுகிறது. கல்கத்தாவிலோ நிலம் பத்திரமாக இருக்க, ஆட்டம்தான் கரைந்துகொண்டிருக்கிறது.

கிடர்பூரில் பஸ் ஏறி எஸ்பிளனேடு நோக்கிப் போகிறவர், டோலி நாலாவின் மேலுள்ள பாலத்தையும் ஹேஸ்டிங்ஸ் முனையையும் கடந்து வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் ஊரே காணாமல் போனதுபோல் இருக்கும். துறைமுகத்து லாரிகள், வாட்கஞ்ச் சந்துகள், ஃபேன்சி மார்க்கெட் நெரிசல் எல்லாம் பின்னால் நின்றுவிடுகின்றன. வெள்ளை வேலிக்குள் பசும்புல் விரிந்து கிடக்கிறது. அதற்கப்பால் விக்டோரியா நினைவு மண்டபத்தின் குவிமாடம். ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல் இதுதான். ஊரின் பெயர் 2001-இல் கொல்கத்தா ஆகிவிட்டது. கிளப் தன் பெயரில் கல்கத்தாவையும் விடவில்லை, ராயலையும் விடவில்லை.

இந்தச் சாலையோரமாகத்தான் ஒரு காலத்தில் கிடர்பூர் டிராம் ஆடி ஆடிப் போகும். பந்தய நாள்களில் ரேஸ் புத்தகத்தைச் சுருட்டிச் சட்டைப்பையில் செருகியவர்கள் அதில் தொங்கிக்கொண்டு வருவார்கள். 2020 மே மாதம் ஆம்பன் புயல் அடித்தபோது நின்ற 36-ஆம் எண் டிராம் பிறகு திரும்பவில்லை. அதில் வந்த கூட்டமும் அதற்கு முன்பே பெருமளவு குறைந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் நின்று கூச்சலிடுவதற்காகக் கட்டிய மாடங்களில் சாதாரணப் பந்தய நாளன்று நடுவயதைத் தாண்டிய ஆண்கள் சிதறலாக நிற்கிறார்கள். அவர்களிலும் பலருடைய கண் எதிரே உள்ள ஓடுபாதையில் இல்லை. மும்பையிலோ பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ ஓடும் குதிரைகளைக் காட்டும் திரையில் இருக்கிறது.

இந்தியாவில் குதிரைப் பந்தயத்தை நெறிப்படுத்தும் அமைப்புகள் ஐந்து. கல்கத்தா, மும்பை, சென்னை, பெங்களூர், ஹைதராபாத் என்பன அவை. மற்ற நகரங்களில் சண்டை பெரும்பாலும் நிலத்துக்காக நடக்கிறது. நகரத்தின் நடுவே நூறு, இருநூறு ஏக்கரைக் குதிரைக்கு விடலாமா என்பதே அங்கே கேள்வி. கல்கத்தாவின் சங்கடம் நேர்மாறானது. இங்கே நிலத்தைப் பிடுங்க எந்தக் கட்டடக் கம்பெனியாலும் முடியாது. பந்தயத்தை நடத்தும் பணம்தான் கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஆக்ராவிலிருந்து மைதானத்துக்கு

கிடர்பூருக்குக் குதிரைப் பந்தயம் இரு பக்கமும் பழக்கமானது. மைதானத்துத் திடல் அதன் வடகிழக்கே இருக்கிறது. கல்கத்தாவின் முதல் முறையான பந்தயங்கள் 1769-இல் நடந்த இடமோ அதற்கு எதிர்த்திசையில், கார்டன் ரீச்சையும் தாண்டி ஹூக்ளிக் கரையிலிருக்கும் ஆக்ரா. தாஜ்மகால் ஆக்ரா அல்ல, இது வேறு. கம்பெனி உத்தியோகஸ்தர்கள் அங்கே போய்ப் பந்தயம் கட்டித் தோற்றுக் கடனாளியாகித் திரும்பினார்கள். 1798-இல் கவர்னர் ஜெனரலாக வந்த வெல்லெஸ்லிக்கு இது பிடிக்கவில்லை. பந்தயத்துக்குத் தடை போட்டார். சூதாட்டத்தை ஒழிக்கிறோம் என்று குதிரைப் பந்தயத்தை நிறுத்திய முதல் ஆட்சியாளர் அவர்தான் எனலாம். அவர் போனபின் ஆட்டம் மீண்டது. 1809-இல் மைதானத்துக்கு இடம் மாறியது. 1820-இல் இன்றைய திடல் உருவானது. 1847 பிப்ரவரியில் கல்கத்தா டர்ஃப் கிளப் பிறந்தது.

அடுத்த நூறாண்டு இந்தத் திடலின் பொற்காலம். 1856-இல் தொடங்கிய வைஸ்ராய் கோப்பைதான் ஆங்கில இந்தியாவின் குளிர்காலச் சமூக வாழ்வின் உச்சம். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் அது ஓடும். ராணுவத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து கல்கத்தாவில் இறங்கிய ‘வேலர்’ குதிரைகளில் சில பந்தயத் திடலையும் எட்டிப் பார்த்தன. 1911-இன் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பந்தயம் பார்த்துவிட்டுப் போக, 1912-இல் கிளப்பின் பெயரோடு ‘ராயல்’ ஒட்டிக்கொண்டது. அதற்குள் தலைநகரை டெல்லிக்கு மாற்றும் அறிவிப்பும் வந்துவிட்டது. பட்டம் கிடைத்த சமயத்தில் அதிகாரம் ஊரைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது.

ஆனாலும் பணம் கிளம்பவில்லை. சணல், தேயிலை, நிலக்கரி முதலாளிகளும் சமஸ்தானத்து அரசர்களும் ஆர்மீனிய வணிகர்களும் குதிரைகளை வாங்கிக் குவித்தார்கள். கட்டடங்களை வாங்கி விற்றே பெரும் செல்வந்தரான ஆர்மீனியர் ஜே.சி. கால்ஸ்டான் பெரிய லாயம் ஒன்றையே வைத்திருந்தார். அவருடைய மாளிகை பின்னர் ஹைதராபாத் நிஜாமின் கைக்குப் போய், இன்று மத்திய அரசு அலுவலகங்கள் இயங்கும் நிஜாம் பேலஸாக நிற்கிறது. இங்கிலாந்தின் எப்சம் டெர்பியை வைத்துக் கிளப் நடத்திய ‘கல்கத்தா ஸ்வீப்’ குலுக்கலுக்கு உலகெங்கும் கிராக்கி இருந்தது. 1930-இல் அயர்லாந்துக்காரர்கள் ஆஸ்பத்திரிகளுக்கு நிதி திரட்டவென்று தங்கள் ஸ்வீப்ஸ்டேக்கைத் தொடங்கியபின்தான் அதன் மவுசு குறைந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகும் திடல் களைகட்டியே இருந்தது. 1961-இல் இரண்டாம் எலிசபெத் அரசி வந்து பந்தயம் பார்த்தார். தெற்கிலிருந்தும் குதிரைகள் போயின. இந்தியப் பந்தய வரலாற்றில் மிக அதிகமான கிளாசிக் கோப்பைகளை வென்றவர் என்று பெயரெடுத்த செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் வண்ணங்கள் நாட்டின் பெரிய திடல்கள் அனைத்துக்கும் பரிச்சயம். 2015 டிசம்பரில் அவர் காலமானார். குதிரையை ஒரு முதலீடாகப் பார்க்காமல் பித்தாகவே வளர்த்த தலைமுறையில் எஞ்சியிருந்த சிலரில் அவர் ஒருவர்.

140 ரூபாயின் கதை

பித்து இருக்கட்டும், பந்தயத்தின் எண்ணெய் பந்தயப் பணம்தான். இதை எந்த கிளப்பும் மறைப்பதில்லை. பார்வையாளர் டிக்கெட்டை நம்பி எந்தப் பந்தயமும் நடப்பதில்லை. டோட் எனப்படும் டோட்டலைசேட்டரில் கட்டிய பணமெல்லாம் ஒரு குவியலாகச் சேர்கிறது. அதில் ஒரு பங்கை கிளப் எடுத்துக்கொள்கிறது. மீதி ஜெயித்தவர்களுக்குப் பங்கு போடப்படுகிறது. கிளப் எடுக்கும் அந்தப் பங்கிலிருந்துதான் ஓடுபாதையைப் பராமரிக்க வேண்டும், ஊழியர்களுக்குச் சம்பளம் தர வேண்டும், பரிசுத்தொகையும் கொடுக்க வேண்டும். பரிசுத்தொகை நன்றாக இருந்தால்தான் குதிரை வாங்க ஆள் வருவார். குதிரை வாங்க ஆள் இருந்தால்தான் டிரெய்னருக்கு மாதக் கட்டணம் வரும். அதிலிருந்துதான் லாயத்தில் வேலை செய்யும் சைஸின் கூலி. எஸ்பிளனேடு குமாஸ்தா ஒருவர் கவுன்ட்டரில் நீட்டும் நூறு ரூபாய் நோட்டு இத்தனை பேரைக் கடந்துதான் குதிரையின் தொட்டிக்குள் ஓட்ஸாக விழுகிறது.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில்தான் அடி விழுந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது குதிரைப் பந்தயத்துக்கு 28 சதவீதம் என்று முடிவானது. வரி கிளப்பின் கமிஷன்மீதா, கட்டும் பணம் முழுவதன்மீதா என்பதில் வழக்குகள் மூண்டன. 2021 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் கிளப்புகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: டோட்டில் பணத்தை வைத்திருந்து பிரித்துக் கொடுப்பவருக்கு அவருடைய கமிஷன்தான் வருமானம் என்பது அதன் சாரம். அந்தத் தெம்பு அதிக நாள் நிலைக்கவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் சட்டமே திருத்தப்பட்டு, கட்டும் பணம் முழுவதற்கும் 28 சதவீதம் என்று ஐயத்துக்கு இடமின்றி ஆக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22-இல் வரி அடுக்குகள் மாறியபோது பல பொருள்களுக்கு வரி குறைந்தது. காசினோ, லாட்டரியோடு குதிரைப் பந்தயமும் சேர்ந்து 40 சதவீத அடுக்கில் போய் உட்கார்ந்தது.

40 சதவீதம் என்றால் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 140 ரூபாய் கொடுத்தால் 100 ரூபாய்தான் பந்தயத்தில் போகிறது, 40 வரி. அந்த நூறில் கிளப் பத்து ரூபாய் எடுக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர்களிடம் மொத்தத்தில் திரும்புவது 90. அதை அப்படியே அடுத்த பந்தயத்தில் கட்டினால் திரும்புவது ஏறத்தாழ 58. மூன்றாவது பந்தயம் முடியும்போது கையிலிருப்பது 37 ரூபாய். வரி இல்லாதிருந்தால் அதே 140 ரூபாய் மூன்று பந்தயத்துக்குப் பிறகு 102 ரூபாயாக இருந்திருக்கும். ஒருவர் ஜெயிக்கிறார், இன்னொருவர் தோற்கிறார் என்பது வேறு விஷயம். இது திடலில் நிற்பவர்கள் எல்லோருடைய பணத்தையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. ஒரு நாளில் ஆறேழு பந்தயம் ஓடும் திடலில், நான்காவது பந்தயம் வருவதற்குள் ஜேபிகள் வற்றிவிடுகின்றன.

வற்றாத இடமும் இருக்கிறது. அது திடலுக்கு வெளியே, செல்போனில். லைசென்ஸ் இல்லாத புக்கிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ரசீது கிடையாது, பரிசுத்தொகை கொடுக்க வேண்டிய பொறுப்பும் கிடையாது. ஓடுவது கிளப்பின் குதிரை, லாபம் அவருக்கு. அரசுக்கு 40 சதவீதமும் இல்லை, 4 சதவீதமும் இல்லை. அதிக வரி போட்டால் சூதாட்டம் குறையும் என்பது கேட்க நன்றாக இருக்கும் வாதம். குறைந்தது சூதாட்டமா, கணக்கில் வரும் சூதாட்டமா என்பதை நிதியமைச்சகம் நிதானமாக யோசித்திருக்கலாம்.

இதில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. தி.மு.க. ஆட்சியில் 1974-இல் தமிழக சட்டமன்றம் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பந்தயத்தில் பணத்தைத் தொலைத்துக் கூலியில்லாமல் வீடு திரும்பும் தொழிலாளியின் குடும்பம் அதன் நியாயமாக முன்வைக்கப்பட்டது. அந்த நியாயம் பொய்யல்ல. வழக்கு இருபதாண்டுக்கு மேல் இழுத்தது. 1996 ஜனவரி 12-இல் உச்ச நீதிமன்ற அமர்வு, குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், வெறும் அதிர்ஷ்டமல்ல என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், உடற்கட்டு, சுமக்கும் எடை, ஜாக்கியின் அனுபவம் ஆகியவற்றை ஆராய்ந்துதான் பணம் கட்டுகிறார்கள் என்றது நீதிமன்றம். மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்த 1986-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி கொண்டுவந்த சட்டமும் அதே தீர்ப்பில் விழுந்தது. கல்கத்தா உட்பட நாட்டிலுள்ள எல்லாத் திடல்களுக்கும் இந்தத் தீர்ப்பே கவசம். ஆனால் சட்டப் புத்தகத்தில் திறமையான ஆட்டம், வரிப் பட்டியலில் லாட்டரியின் சகோதரன் என்ற விசித்திர நிலை அதற்குப் பிறகுதான் வந்தது.

பெயர் மட்டும் மிஞ்சிய ரேஸ் கோர்ஸ்கள்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ரேஸ் கோர்ஸ் என்றால் மாலை நடைப்பயிற்சி. அங்கே குதிரை ஓடியதை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற தெரு தமிழர்களுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்காகத் தெரியும். பக்கத்திலிருந்த ஃபேரர் பார்க்கில் 1933 வரை பந்தயம் நடந்ததால் வந்த பெயர் அது. பிறகு புக்கிட் தீமா, பிறகு கிராஞ்சி என்று திடல் ஊருக்கு வெளியே வெளியே நகர்ந்துகொண்டே போனது. 2024 அக்டோபர் 5-இல் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. 180 ஆண்டுப் பழக்கம் முடிந்தது. நிலம் வீடுகளுக்காக அரசிடம் திரும்புகிறது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் மக்காவிலும் பந்தயம் நின்றது. கொழும்பின் ரேஸ் கோர்ஸ் இரண்டாம் உலகப் போரில் விமானத் தளமாக மாறி, பின்னர் மீண்டு, 1950களில் ஓய்ந்தது. இப்போது அங்கே ரக்பி விளையாடுகிறார்கள். பழைய மாடத்தில் கடைகள் இருக்கின்றன.

இந்தியாவிலும் கதை இதே திசையில்தான். மும்பை மகாலட்சுமியில் குத்தகை 2013-இல் முடிந்தபின் பத்தாண்டு பேரம் நடந்தது. 2024-இல் 211 ஏக்கரில் 120 ஏக்கரைப் பூங்காவுக்கு விட்டுக்கொடுத்து மீதி 91 ஏக்கரைக் கிளப் காப்பாற்றிக்கொண்டது. பெங்களூரில் 2009-இல் முடிந்த குத்தகை நீதிமன்றங்களில் சுற்றியது. தமிழ்நாட்டில் 2024 ஜூனில் வாடகை பாக்கிக்காக ஊட்டி ரேஸ் கோர்ஸின் 52 ஏக்கரை வருவாய்த் துறை எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையை அரசு ரத்து செய்து வாயிலில் சீல் வைத்தது. 1945-இல் 99 ஆண்டுகளுக்கு எழுதிய குத்தகை அது. கிளப் நீதிமன்றம் போனது. அரசு பூங்காவும் வெள்ளநீர்க் குளங்களும் என்றது. வேளச்சேரி மழையில் மூழ்குவதைப் பார்த்த சென்னைவாசிக்கு, குதிரையா குளமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

குதிரை என்றில்லை, எஞ்சினாக இருந்தாலும் நிலம் சொந்தமில்லாத பந்தயத்துக்கு இதே கதிதான். பிரிட்டனில் ‘ஸ்பீட்வே’ என்று ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் உண்டு. பிரேக்கே இல்லாத, ஒரே கியர் கொண்ட 500 சி.சி. வண்டிகள் நான்கு, முட்டை வடிவ மண்பாதையில் பின்சக்கரம் வழுக்க வழுக்க நான்கு சுற்று ஓடும். ஒரு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். 1928 பிப்ரவரியில் லண்டன் அருகே ஹை பீச்சில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு அது காட்டுத்தீயாகப் பரவியது. போருக்குப் பின் வாரந்தோறும் பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் மைதானங்களை நிறைத்தன. ஆனால் பெரும்பாலான குழுக்கள் வாடகைக்கு இருந்தன. நாய்ப்பந்தய அரங்குகளில் ஒண்டிக்குடித்தனம். நிலத்தின் விலை ஏற ஏற ஒவ்வொன்றாகக் காலி செய்தன. லண்டனின் விம்பிள்டன் அரங்கில் 2005-இல் ஸ்பீட்வே முடிந்தது. அந்த இடத்தில் இப்போது கால்பந்து மைதானமும் அடுக்ககங்களும். 1928 முதல் பந்தயம் கண்ட வுல்வர்ஹாம்ப்டனில் 2023-இல் உரிமையாளர்கள் இடம் தர மறுத்ததும் குழு வீதிக்கு வந்தது. அதே ஆண்டு பீட்டர்பரோவும் போனது. ரசிகர்கள் மனுப்போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். நிலப்பத்திரம் அவர்களிடம் இல்லை.

கல்கத்தாவுக்கும் பத்திரம் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் வேறு மாதிரி. மைதானம் முழுவதும் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் உள்ள நிலம். இப்போது விஜய் துர்க் என்று பெயர் மாறியிருக்கும் வில்லியம் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் தடையேதும் இருக்கக்கூடாது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டவெளியாக விடப்பட்டது. பீரங்கிக்கு வேலை போய் இருநூறு ஆண்டாகியும் விதி தொடர்கிறது. நிரந்தரக் கட்டடம் எழுப்புவது எளிதல்ல. வங்காளிகளின் உயிரான புத்தகக் கண்காட்சியையே, புழுதியும் குப்பையும் மைதானத்தைக் கெடுக்கின்றன என்று கூறி 2007-இல் உயர் நீதிமன்றம் அங்கிருந்து கிளப்பிவிட்டது. புத்தகம் போன பிறகும் குதிரை இருக்கிறது. பத்திரிகைகளில் இன்று ரேஸ் கோர்ஸ் என்ற பெயர் அடிபடுவது பெரும்பாலும் பிரதமரோ முதல்வரோ ஹெலிகாப்டரில் வந்திறங்கும் நாளில்தான். திடலுக்குள்ளேயே ஹெலிபேட் இருக்கிறது.

விடியற்காலை ஊழியர்கள்

பந்தயம் நின்றால் பாதிக்கப்படுவது யார்? கோட்டும் தொப்பியுமாக உறுப்பினர் மாடத்தில் உட்காருபவர் கிளப்புக்கு வேறு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார். விருந்து, சீட்டு, பழைய படங்கள் மாட்டிய சுவர் இருந்தால் போதும். சைஸுக்கு அப்படி இல்லை. ஊர் எழுவதற்கு முன்பே அவன் நாள் தொடங்குகிறது. இருட்டிலேயே லாயத்தைக் கூட்டி, குதிரையின் கால்களைத் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்த்து, சேணம் பூட்டித் திடலுக்கு நடத்திப் போக வேண்டும். பயிற்சி முடிந்ததும் வியர்வை அடங்கும்வரை நடத்த வேண்டும். குளிப்பாட்ட வேண்டும், தீனி வைக்க வேண்டும். லாடம் அடிப்பவர் இரும்பைக் கழற்றிப் பந்தயத்துக்கென்று எடை குறைந்த அலுமினிய லாடம் பொருத்துவார். ரைடிங் பாய் என்று அழைக்கப்படும் பயிற்சிச் சவாரிக்காரர்களில் மிகச் சிலர்தான் ஜாக்கியாகிறார்கள். இந்த வேலைகள் அனைத்தும் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தவை. குதிரையைத் தொட்டே அதன் உடம்பைச் சொல்லிவிடும் கையோடு கிடர்பூர்த் துறைமுகத்தில் போய் நின்றால், அங்கே கன்ட்டெய்னர் தூக்கும் கிரேன்தான் இருக்கிறது.

குதிரைக்கும் கேள்வி உண்டு. பந்தயக் குதிரை ஓடும் காலம் சில ஆண்டுகள். வாழும் காலம் இருபதுக்கு மேல். நல்ல வம்சத்துப் பெட்டை பண்ணைக்குத் திரும்பும்; சில சவாரிப் பள்ளிகளுக்குப் போகும். மற்றவை? திடலுக்குக் கிழக்கே விக்டோரியா மண்டபத்தின் முன் ஜிகினா ஒட்டிய சாரட்டுகளில் பூட்டி நிற்கும் எலும்பும் தோலுமான குதிரைகளைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. அவை பந்தயக் குதிரைகள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வேலை முடிந்த குதிரைக்கு இந்த நகரம் வைத்திருக்கும் இடம் எது என்பதற்கு அவையே சாட்சி. அவற்றின் நிலை குறித்து உயர் நீதிமன்றம்வரை வழக்கு போயிருக்கிறது. பந்தயத்தை ஆதரிப்பவர்கள் அதிகம் பேச விரும்பாத பக்கம் இது. ஒரே நாளில் திடலை மூடச் சொல்பவர்களும், லாயத்தில் நிற்கும் குதிரைகளை மறுநாள் யார் கட்டித் தீனி போடுவது என்று சொல்வதில்லை.

கிளப் தன்னால் ஆனதைச் செய்கிறது. பிற ஊர்ப் பந்தயங்களைத் திரையில் காட்டிப் பணம் கட்டச் செய்வதால் உள்ளூரில் குதிரை ஓடாத நாளிலும் கவுன்ட்டர் திறந்திருக்கிறது. அதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெங்களூர்ப் பந்தயத்துக்கு கல்கத்தாவில் உட்கார்ந்தே பணம் கட்டலாம் என்றால், கல்கத்தாவில் எதற்கு லாயமும் ஓடுபாதையும் என்று ஒரு கணக்குப்பிள்ளை கேட்க அதிக நாள் ஆகாது. குளிர்காலத்தில் டெர்பி நாளன்று மட்டும் பழைய கல்கத்தா எட்டிப் பார்க்கிறது. குடும்பங்கள் வருகின்றன, பத்திரிகைகளில் தொப்பி அணிந்த பெண்களின் படம் வருகிறது. அடுத்த வாரம் மறுபடியும் காலி மாடம்.

கூட்டத்தைக் கொண்டுவர டிராம் இல்லாவிட்டாலும் ரயில் வரப்போகிறது. ஜோகாவிலிருந்து மாஜெர்ஹாட் வரை 2024 மார்ச்சில் ஓடத் தொடங்கிய மெட்ரோ பாதை, கிடர்பூர், விக்டோரியா வழியாக எஸ்பிளனேடுக்கு மைதானத்தின் அடியில் நீள்கிறது. கிடர்பூரில் ஏறினால் அடுத்த நிலையம் விக்டோரியா. இளைஞர்கள் அங்கே இறங்குவார்கள், மண்டபத் தோட்டத்துக்குப் போவார்கள். பந்தய வாயில் பக்கம் திரும்புவார்களா என்பதைத்தான் சொல்ல முடியாது. போனிலேயே கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டிப் பழகிய தலைமுறைக்கு ரேஸ் புத்தகத்தின் பொடி எழுத்தில் ஒரு குதிரையின் தாய்வழி, தந்தைவழியைப் படித்துப் பார்க்கும் பொறுமை இருக்கிறதா?

இதற்கிடையே பண்ணைகளில் வேறொரு காலண்டர் ஓடுகிறது. குதிரைக்கு சினைக்காலம் பதினோரு மாதம். பிறந்த குட்டி ஓடத் தொடங்க இரண்டு வயதாவது ஆக வேண்டும். வரி விகிதத்தை ஒரு செப்டம்பர் மாதக் கூட்டத்தில் மாற்றிவிடலாம். அதன் விளைவு திடலில் தெரிய ஆண்டுகள் பிடிக்கும். 40 சதவீதத்தைப் பார்த்துவிட்டு, வாங்க ஆளில்லாத குட்டி எதற்கென்று ஒரு பண்ணைக்காரர் 2026-இன் தொடக்கத்தில் தன் பெட்டையைச் சினைக்கு விடாமல் இருந்திருந்தால், 2027-இல் அங்கே குட்டி இருக்காது. 2029 குளிர்காலத்தில் கல்கத்தாவில் கதவுக் கூண்டு திறக்கும்போது அந்தக் குதிரைக்கான கட்டம் காலியாக இருக்கும்.